குறுக்குத் தெருவும் குழந்தை இறக்கலும்: ஒரு முன்னோடி ஆய்வு

பாயிரம்

சங்கப் பாட்டில் வரும் யானைக்கு ஆய்வேடு உண்டு. உமணரின் உப்பு வண்டிக்கு உண்டு. அந்த வண்டியின் அடியில் கட்டிக்கொண்டு போன சேம அச்சுக்கும் தனியே ஒன்று உண்டு என்றால் யாரும் வியக்கமாட்டார்கள். காலை எட்டேகாலுக்கு ஓர் இருபதடித் தெருவில் பள்ளி வேனும் தண்ணீர் லாரியும் மூக்கோடு மூக்கு முட்டி நிற்பதற்கு மட்டும் ஒன்றுமில்லை. அந்த ஆய்விடைவெளியை நிரப்புவதே இக்கட்டுரையின் நோக்கம். தெருவில் இடைவெளியே இல்லையே என்று கேட்பவர்கள் துறைக்கு வெளியே இருப்பவர்கள்.

ஆய்வெல்லை: பனம்பாரனார் தமிழுலகுக்கு எல்லை வகுத்த மரபைப் பின்பற்றி, ஒரு முனை ஆற்காடு சாலை, மறுமுனை பள்ளியின் இரும்புக் கதவு, நடுவே டிரான்ஸ்பார்மர் எனக் கொள்க. இடம் சாலிகிராமம். ஆற்காடு சாலையில் கலங்கரை விளக்கம் முதல் பூந்தமல்லி வரையிலான மெட்ரோ தடத்துக்காகத் தடுப்புகள் வைத்த நாள்முதல் அச்சாலையின் பெரும்பகுதி இத்தெருவுக்குள்தான் ஓடுகிறது.

ஆய்வுமுறை: கணக்கெடுப்பு, நேர்காணல், ஒட்டுக்கேட்டல். மூன்றாவதே நம்பகமானது. முதன்மைச் சான்றுகள் இஸ்திரி வண்டிக்காரர் (இனி 'இஸ்.'), பூக்காரம்மா (இனி 'பூ.') ஆகியோரின் வாய்மொழிகள். இருவரும் ஒரே வேப்பமரத்தடியில் எதிரெதிரே இருப்பவர்கள். ஒருவர் உரையை மற்றவர் ஏற்றதாகச் சான்று இல்லை.

இயல் 1: முன்னோர்

ஜெர்மானியக் கணிதவியலாளர் டீட்ரிச் பிரேஸ் 1968இல் ஒரு கணக்குப் போட்டுக் காட்டினார். நெரிசலான சாலைகளுக்கு நடுவே புதிதாக ஒரு குறுக்குவழியைத் திறந்துவிட்டால், ஆளுக்கு ஆள் தனக்கு வேகமான வழியைப் பார்த்துப் போகப்போக, கடைசியில் எல்லாருக்குமே தாமதம் கூடிவிடலாம் என்பது அதன் சாரம். சமன்பாடு எதுவுமில்லாமல் இதே முடிவை, "எல்லாரும் இந்தப் பக்கமே வந்தா எவன்தான் போவான்?" என ஒரே நூற்பாவில் தருகிறது உள்ளூர் மரபு (இஸ்., வாய்மொழி).

டொனால்ட் ஆப்பிள்யார்ட் சான் ஃபிரான்சிஸ்கோவின் மூன்று தெருக்களை ஒப்பிட்டு, 1981இல் அதை நூலாகவும் கொண்டுவந்தார். நாளொன்றுக்குச் சுமார் 2,000 வண்டி போகும் தெருவில் ஒருவருக்குச் சராசரி 3 நண்பர்கள். சுமார் 16,000 வண்டி போகும் தெருவில் 0.9. இந்த 0.9 நண்பர் முழு நண்பராவதற்கு எது குறைகிறது என்பது தனி ஆய்வுக்குரியது. (எங்கள் தெருவில் பெரும்பாலும் கைமாற்று.) ஆனால் ஆப்பிள்யார்டின் முடிவு இங்கே பொருந்தவில்லை. பல்லாண்டுகளாக முகம் பார்க்காமலிருந்த எதிரெதிர் வீட்டுக்காரர்கள் வண்டிகள் பெருகிய பிறகு தினமும் பேசிக்கொள்கிறார்கள். பேசும் மொழி அச்சேறத் தக்கதன்று. ஆயினும் உறவு உறவே.

மே மாதத்தில் கள ஆய்வு செய்தால் இத்தெருவில் நெரிசலே இல்லை என்பது ஐயமற நிறுவப்படும். பல்கலைக்கழகங்களுக்கும் விடுமுறை மே மாதத்தில்தான் என்பதை ஈண்டு நினைவுகூர்க.

இயல் 2: வகைப்பாடு

இறக்குவோர் பலவகைப்படுவர்.

ஸ்கூட்டி தந்தை: முன்னால் ஒன்று நிற்கும், பின்னால் ஒன்று உட்காரும், நடுவே பையும் தண்ணீர் பாட்டிலும் தொங்கும். இவர் நிற்பதில்லை, மெதுவாகிறார், குழந்தைகள் உதிர்கின்றன. இவ்வகை வண்டிகள் பத்து ஒன்றுசேரும்போது ஒன்றின் கண்ணாடி இன்னொன்றின் கைப்பிடியில் சிக்கும். எங்கோ கிடக்கும் சொல்லை எங்கோ கொண்டுபோய் மாட்டுகிறார் என்று முல்லைப்பாட்டு உரைக்காக நச்சினார்க்கினியர்மீது மறைமலையடிகள் குறைபட்டார். அடிகள் பல்லாவரத்தில் வாழ்ந்தவர். கொஞ்சம் வடக்கே வந்து காலையில் ஒருநாள் இங்கே நின்றிருந்தால் உரையாசிரியரை மன்னித்திருப்பார்.

கார் தாய்: இருபது கிலோ குழந்தைக்கு ஒரு டன் இரும்பு. காரணம் கேட்டால், "ரோடு முழுக்கக் கார், நடந்து அனுப்பப் பயமா இருக்கு" என்பார். இக்கூற்றில் தருக்கப் பிழை ஏதுமில்லை. பின்னால் நிற்கும் காரில் உள்ளவரும் இதையேதான் சொல்கிறார், முன்னால் நிற்கும் இவருடைய காரைக் காட்டி.

வேன் ஓட்டுநர்: திருப்ப இடமில்லாத இடத்தில் திருப்புபவர்.

மறதித் தந்தை: இறக்கிவிட்டு வீடு போய், டிபன் பாக்ஸோடு மறுபடி வருபவர். ஒரு குழந்தை, இரு நெரிசல்.

நடந்து வரும் தாத்தா: இவர் முதலில் வந்துவிடுகிறார்.

குறுக்குவழிக்காரர்: இவருக்குப் பள்ளியில் குழந்தையே இல்லை. கைப்பேசிப் பெண்குரல் இடப்பக்கம் திரும்பச் சொன்னது, திரும்பினார். போரூரில் புறப்பட்டு வடபழனி போகவேண்டியவர், முன்பின் தெரியாத ஒரு யுகேஜி குழந்தைக்காகக் கால்மணி நேரம் காத்திருக்கிறார். அன்பின் வழியது உயிர்நிலை என்பதற்கு உரையாசிரியர்கள் இதைக் காட்டாதது வியப்பு.

இவற்றை ஐந்திணைக்குள் அடக்க முடியுமா என்று நெறியாளர் கேட்பார். முடியும். இதுவரை எதைத்தான் அடக்கவில்லை?

இயல் 3: வாளி

இனி இவ்வாய்வின் உயிர்நிலை. இருபதடித் தெருவில் இரு பக்கமும் கார் நின்றால், காருக்கு ஐந்தேமுக்கால் அடி வீதம் பதினொன்றரை அடி போயிற்று. மிச்சம் எட்டரை. அதில் ஒரு கார் தாராளமாகப் போகலாம், எதிரெதிராக இரண்டு போகவே முடியாது. இது பள்ளியில் இறக்கப்படும் குழந்தையே போடக்கூடிய கணக்கு. கணக்கில் வராதது வாளி.

வாளி என்பது, தன் வாசலில் பிறர் வண்டி நிற்காதிருக்கும் பொருட்டு, இருபது லிட்டர் காலி பெயிண்ட் டப்பாவில் சிமெண்ட் கலவையை ஊற்றி, நடுவில் பிவிசி குழாய் ஒன்றை நட்டு, காயவைத்துத் தெருவில் வைக்கப்படுவது. குழாயின் தலையில் சிவப்புத் துணி வருதலும் உண்டு. துணியின்றி வந்தால் அது இழிவழக்கு.

வாளியின் வரலாறு நான்கு காலங்களாகப் பகுக்கப்படும். முதலாவது கற்காலம். மின்சாரக் கிரைண்டர் சமையலறைக்குள் நுழைந்தபோது ஆட்டுக்கல் வெளியேறியது. தூக்கிப்போட மனமில்லை, தூக்கிப்போட ஆளும் இல்லை. ஆகவே உருட்டிவிட்ட தூரத்தில் வாசலில் நின்றது. முதல் நாளே அதில் ஓர் அம்பாசிடரின் பம்பர் மோத, அதன் புதிய பயன் உலகுக்குத் தெரிந்தது. அம்மியும் பின்னாலேயே வந்துவிட்டது. அடுத்தது மட்காலம், விளிம்பு உடைந்த பூந்தொட்டிகளின் காலம். இதில் துளசி இருந்தால் யாரும் நகர்த்தமாட்டார்கள் என்பதை முதலில் கண்டவர் யாரோ, அவருக்கு நாம் கடமைப்பட்டுள்ளோம். மூன்றாவது, ஒரு கால் போன பிளாஸ்டிக் நாற்காலியின் காலம். நான்காவது வாளிக்காலம், இன்றளவும் தொடர்வது.

நாற்காலி முந்தியதா வாளி முந்தியதா என்பதில் கடும் பூசல். நாற்காலி காற்றில் பறந்து இரண்டு வீடு தள்ளிப் போனதால்தான் கனமான வாளி தோன்றியது என்பது ஒரு கட்சி (இஸ்., வாய்மொழி, மழைக்குப் பிந்தைய திருத்திய பதிப்பு). இரண்டுக்கும் முன்பே அந்த இடத்தில் தன் கூடை இருந்தது, இரண்டுமே ஆக்கிரமிப்பு என்பது மறுகட்சி (பூ., கூடைச் சுவடி, இரண்டாம் அடுக்கு, மல்லிக்கும் கனகாம்பரத்துக்கும் நடுவே ஈரம்பட்டு அழிந்த ஏடு). கீழடியில் கிடைத்த மாதிரிகளை அமெரிக்காவின் ஃபுளோரிடாவுக்கு அனுப்பிக் காலம் கண்டதுபோல, வாளித் துணியை அனுப்பவும் நிதி கோரப்பட்டுள்ளது. முடிவு வருமுன்பே இரு கட்சியாரும் தத்தம் முடிவுரையை அச்சுக்குக் கொடுத்துவிட்டனர். துறை மரபு அதுதான்.

வாளியின் சிறப்பியல்பு அதன் பெயர்ச்சி. காலையில் ஸ்கூட்டி தந்தை வாளியைக் காலால் சுவரோரம் தள்ளுகிறார். அவர் தலை மறைந்ததும் வீட்டுக்காரர் மறுபடி எடுத்து வைக்கிறார். பழைய இடத்தில் அல்ல, ஒரு விரற்கடை தள்ளி. மறுநாளும் அவ்வாறே. இப்படியாக ஒவ்வொரு வாசலின் வாளியும் தெருவின் நடுக்கோட்டை நோக்கி நாளும் நகர்கிறது. எதிர்வீட்டு வாளியும் அப்படியே. இரண்டும் நடுவில் சந்திக்கும் நாளில் இவ்வாய்வு நிறைவுபெறும்; வண்டிப் போக்குவரத்தும்.

இப்பெயர்ச்சியை லெமூரியாவோடு இணைத்துப் பேசுவோர் உளர். மடகாஸ்கரிலும் இந்தியாவிலும் ஒருசார் விலங்குகள் காணப்படுவதை விளக்க, விலங்கியலாளர் ஸ்கிளேட்டர் 1864இல் ஒரு கண்டத்தைக் கற்பித்தார். அவர் அதில் லெமூர்களை மட்டும்தான் வைத்தார். நாம் போய்க் குடியேறி, சங்கமும் நிறுவினோம். அதே துணிவோடு எங்கள் தெருவின் மூத்த அறிஞர் ஒருவர், வாளிகள் எல்லாம் ஆதியில் தன் வீட்டு வாசலிலேயே ஒருங்கே இருந்தன, 2015 டிசம்பர் வெள்ளமே அவற்றைப் பிரித்துத் தெருவெங்கும் சேர்த்தது என்று நிறுவுகிறார். சிமெண்ட் ஊற்றிய வாளி மிதக்காதே என்றேன். அது பாடவேறுபாடு என்றார்.

வாளிக்குப் பின்னுள்ள மதிற்சுவர்களில் கல்வெட்டுகளும் உள. பெரும்பாலானவை ஒரே பாடத்தைத் தருகின்றன: வண்டி நிறுத்தாதீர், மீறினால் காற்று பிடுங்கப்படும். நம் கோயில் கல்வெட்டுகளின் கடைசியில், இத்தர்மத்தை அழிப்பான் கங்கைக்கரையில் காராம்பசுவைக் கொன்றான் பாவம் கொள்வான் என்ற வகையில் ஓர் ஓம்படைக்கிளவி வருமே, அதன் நேர் வாரிசு இது. சோழர் காலத்தில் தண்டனை மறுமையில், இங்கே பின்சக்கரத்தில். ஒரு வீட்டில் மட்டும் 'காற்று' என்னும் சொல் சுண்ணாம்பு உதிர்ந்து மறைந்து, 'மீறினால் பிடுங்கப்படும்' என்று மட்டும் நிற்கிறது. எது பிடுங்கப்படும் என்பது பற்றி ஐந்து உரைகள் உள்ளன. அவற்றுள் காலத்தால் முந்தியதும் கடுமையானதும் (பூ., கூடைச் சுவடி, அடித்தட்டு, வாழைநாருக்குக் கீழ், ஆடிவெள்ளிக்கு முந்தின நாள் ஓதியது. இதை மறுக்கும் இஸ்., வாய்மொழி, கரிப்புகைத் தொகுதி, கஞ்சி போட்ட சட்டைகள் என்னும் பகுதி, மூன்றாம் மடிப்பு, காலர்ப் பக்கம்) பெண்கள் படிக்கும் இதழில் வெளியிட இயலாதது. ஆண்கள் படிக்கும் இதழிலும்.

இயல் 4: நடைபாதை

டிரான்ஸ்பார்மர் காண்க.

இயல் 5: வேகத்தடை

எக்ஸ் கதிர்ச் சிதறலுக்காக 1927இல் நோபல் பரிசு பெற்ற ஆர்தர் காம்ப்டன், 1953இல் தன் பல்கலைக்கழக வளாகத்துக்காக வேகத்தடைகளை வடிவமைத்தார். இந்தியச் சாலைப் பேரவையின் 1988ஆம் ஆண்டு வழிகாட்டு நெறியோ அகலம் 3.7 மீட்டர், உயரம் 10 சென்டிமீட்டர், மணிக்கு 25 கிலோமீட்டரில் ஏறி இறங்கும் வகையில் என்று விதித்தது. எங்கள் தெருவின் வேகத்தடையை, இவ்விரண்டையும் படிக்காத ஒரு மேஸ்திரி, மாடி கட்டி மிஞ்சிய ஜல்லிக் கலவையில், ஓர் இரவில் போட்டுவிட்டுப் போனார். அதன் உயரம் அன்று மிஞ்சிய கலவையின் அளவு. வீட்டு நிலைப்படியே உலகின் முதல் வேகத்தடை, ஆகவே அது தமிழனின் கண்டுபிடிப்பு என்று கருத்தரங்கம் ஒன்றுக்குக் கட்டுரை தயாராகிறது. பதிவுக் கட்டணம் கட்டினால் வெளியீடு உறுதி; படித்துப் பார்ப்பார்கள் என்ற அச்சம் வேண்டாம்.

இயல் 6: தீர்வு

இத்தாலியின் போல்சானோவில் பள்ளி தொடங்கும்போதும் விடும்போதும் பள்ளித் தெருவைச் சிறிது நேரம் வண்டிகளுக்கு மூடிவிடும் வழக்கம் 1980களின் இறுதியிலேயே வந்துவிட்டது. குழந்தைகள் நடந்து போகின்றன. அமெரிக்காவின் நியூ ஜெர்சியில் லியோனியா என்னும் சிற்றூர், கைப்பேசி வரைபடம் அனுப்பிவைத்த குறுக்குவழிக்காரர்களைத் தாங்கமுடியாமல், 2018 ஜனவரியில் ஏறத்தாழ 60 தெருக்களைக் காலை மாலை நெரிசல் வேளைகளில் வெளியாருக்கு அடைத்தது. அபராதம் 200 டாலர்.

இவ்விரண்டையும் குடியிருப்போர் சங்கக் கூட்டத்தில் வைத்தேன். போல்சானோ முறை எல்லாருக்கும் பிடித்திருந்தது, பக்கத்துத் தெருவுக்கு. லியோனியா முறைக்கு ஓர் இடையூறு எழுந்தது: வெளியார் எங்கள் தெருவுக்குள் வரக்கூடாது என்பதில் ஒருமித்த கருத்து, பக்கத்துத் தெருவும் அவ்வாறே அடைத்துவிட்டால் நாம் ஆபீசுக்கு எப்படிப் போவது என்பதிலும் ஒருமித்த கருத்து. பள்ளியின் வாசலை அடுத்த தெருப்பக்கம் மாற்றக் கோரலாம் என்று ஒருவர் முன்மொழிந்தார். அந்தத் தெருச் சங்கம் அதே கடிதத்தை முந்தின வாரமே எங்கள் தெருவின் பெயர் போட்டுக் கொடுத்துவிட்டதாகச் செயலாளர் தெரிவித்தார்.

எஞ்சியது ஒருவழிப் பாதை. ஆற்காடு சாலை முனையில் இருப்பவர்கள் உள்ளே வரும் திசை வேண்டும் என்றனர். பள்ளி முனையில் இருப்பவர்கள் வெளியே போகும் திசை என்றனர். நடுவீட்டுக்காரர்கள் டிரான்ஸ்பார்மரை நகர்த்தினால் போதும் என்றனர். விவாதம் தோசைக்கு மாவு புளிக்கும் வரை போயிற்று. கடைசியில் யாருடைய மனமும் நோகாதபடி ஒரு தீர்மானம் எழுதப்பட்டுக் கைதட்டலோடு நிறைவேறியது: இத்தெரு இன்றுமுதல் இரு திசைகளிலும் ஒருவழிப் பாதையாகும், விதி நாள் முழுதும் அமலில் இருக்கும், பெற்றோருக்குச் சிரமம் இல்லாதபடி காலை 8 முதல் 9 மணி வரை நீங்கலாக.