இதணம் முதல் ஐ.பி. கேமரா வரை: அடுக்கத்துக் காவலியல் குறித்து ஓர் ஆய்வு

'அடுக்கம்' என்ற சொல்லுக்குச் சங்க நூல்களில் மலைச்சரிவு என்று பொருள். பெரியகுளத்திலிருந்து கும்பக்கரைப் பக்கமாகப் பெருமாள்மலைக்கு ஏறும் சாலையில் அதே பெயரில் ஓர் ஊரும் இருக்கிறது. பெயரிலேயே குறிஞ்சித் திணையைச் சுமக்கும் ஊரில் கேமரா மாட்டுவதை வெறும் எலக்ட்ரீஷியன் வேலை என்று ஒதுக்கினால் புலமைக்கு இழுக்கு. ஆகவே இவ்வாய்வு.

முதலில் மரபு. தினைப்புனம் காக்க இதணம் கட்டி, மேலே குறமகளை ஏற்றி, தட்டை, தழல், குளிர் என்னும் கிளிகடி கருவிகளைக் கையில் கொடுத்தது சங்ககாலம். அங்கே பார்ப்பவளும் விரட்டுபவளும் ஒருத்தியே. கேமரா பார்க்கும், விரட்டாது. காப்பிச் செடிகளுக்கு நடுவே காட்டெருமை நுழைந்தால் (காட்டுமாடு என்று உயிரியலார் திருத்துவார்கள், மலையில் யாரும் கேட்பதில்லை) அதைப் படமெடுத்து, எங்கோ இருக்கும் சர்வருக்கு அனுப்பிவிட்டு, அடுத்த படத்துக்குத் தயாராகும். அதாவது இது காவலாளி அல்ல, சாட்சி.

காப்பி என்றதும் ஒரு வரலாற்றுக் குறிப்பு. இந்தக் கருவியின் மூதாதை காத்ததும் காப்பியைத்தான். 1991இல் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகக் கணினி ஆய்வகத்தில், 'ட்ரோஜன் அறை'க்கு வெளியே இருந்த காப்பிக் குடுவையில் மிச்சம் இருக்கிறதா என்று இருந்த இடத்திலிருந்தே பார்க்க ஆராய்ச்சியாளர்கள் ஒரு கேமராவைப் பொருத்தினார்கள். படம் 128க்கு 128 புள்ளி, கறுப்பு வெள்ளை. 1993இல் அது இணையத்தில் ஏறியது, 2001இல் நிறுத்தப்பட்டது. ஓய்வுபெற்ற காப்பி இயந்திரத்தை 3,350 பவுண்டுக்கு ஏலத்தில் எடுத்தது ஜெர்மனியின் ஸ்பீகல் ஆன்லைன். செடியில் பழுக்கும் காப்பியையும் குடுவையில் ஆறிப்போகும் காப்பியையும் ஒரே குலத்துக் கருவி காப்பது தற்செயல் அன்று என்பது ஆய்வாளர் துணிபு. சான்று கேட்கக் கூடாது.

இனிப் பொறியியல். கேமராவை ரூட்டரோடு இணைத்து, பிரவுசரில் அதன் முகவரியைத் தட்டினால் செட்டிங்ஸ் பக்கம் திறக்கும். சர்வர் எது, போர்ட் எண் என்ன, பயனர் பெயர், கடவுச்சொல், எந்த ஃபோல்டர், எத்தனை நொடிக்கு ஒரு படம் என்று பெண் பார்க்க வந்த வீட்டார்போல் வரிசையாகக் கேட்கும். சொல்லிவிட்டால் தீர்ந்தது.

ஏன் அனுப்ப வேண்டும், நேரே போய்ப் பார்த்தால் என்ன என்று கேட்கலாம். மலைத்தோட்டத்தில் சிம் போட்ட ரூட்டர்தான் கைகொடுக்கும். செல்போன் நிறுவனங்கள் ஒரே பொது முகவரியைப் பல வாடிக்கையாளர்களுக்குப் பங்கிடுவது வழக்கம். பெரியகுளத்தில் உட்கார்ந்துகொண்டு மேலே இருக்கும் கேமராவின் கதவைத் தட்ட, கதவு எண் கிடையாது. மலைவாழைத் தார்தான் சந்தைக்கு இறங்குகிறது, சந்தை மலையேறுவதில்லை. படத்துக்கும் அதே விதி.

இறங்கும் பாதைக்கு, அதாவது கோப்புகளை அனுப்பும் நெறிமுறைக்கு, எஃப்.டி.பி. என்று பெயர். 1971 ஏப்ரலில் அதன் முதல் வரைவை எழுதியவர் கான்பூர் ஐ.ஐ.டி.யின் முதல் அணி மாணவர் அபய் பூஷண், அப்போது எம்.ஐ.டி.யில் இருந்தார். கணினித் துணையின்றி நேரே வலைப்பின்னலில் இணையும் முதல் கேமராவை ஸ்வீடனின் ஆக்சிஸ் நிறுவனம் கொண்டுவந்ததோ 1996இல். பாதை போட்டுக் கால் நூற்றாண்டு கழித்து வண்டி வந்திருக்கிறது. மலைச்சாலைகளின் வரலாற்றில் இப்படி நடந்ததாகக் கேள்வியில்லை. பழைய பாதை என்பதால் கடவுச்சொல்லை அஞ்சலட்டையில் எழுதியதுபோல் திறந்தபடி கொண்டுபோகும். அதைவிட மோசம், பெட்டியோடு வந்த கடவுச்சொல்லை மாற்றாமலே விடுவது. 2016இல் 'மிராய்' என்ற தீநிரல் அப்படி விடப்பட்ட லட்சக்கணக்கான கேமராக்களையும் ரூட்டர்களையும் வளைத்துப் போட்டது. அக்டோபர் 21 அன்று அந்தப் படை, இணையதளப் பெயர்களுக்கு முகவரி சொல்லும் டைன் நிறுவனத்தைத் தாக்கியதில் அமெரிக்காவில் பலருக்கு ட்விட்டரும் நெட்ஃபிளிக்ஸும் திறக்கவில்லை. வேலி பயிரை மேயும் என்று நம்மவர்களுக்குத் தெரியும். கண்டம் தாண்டி மேயும் என்பது புதிது.

அசைவு தெரிந்தால் மட்டும் படம் அனுப்பு என்றும் கேமராவிடம் சொல்லலாம். சமவெளிக்கு ஏற்ற யோசனை. அடுக்கத்தில் மஞ்சு இறங்கினால் மலையே அசையும். இரவில் கேமராவின் அகச்சிவப்பு ஒளி மஞ்சில் பட்டு வெள்ளைச் சுவராகத் திரும்பும். அந்த ஒளிக்குப் பூச்சி வரும், பூச்சிக்குச் சிலந்தி வரும், சிலந்தி லென்ஸின் முன்னாலேயே வலை பின்னும். காட்டெருமையைத் தேடிச் சர்வரைத் திறந்தவருக்குக் காட்டெருமை அளவில் சிலந்தி.

சரி, நிமிடத்துக்கு ஒரு படம் என்று வைத்தால்? நாளுக்கு 1,440 படம். ஒரு படம் 100 கே.பி. என்றால் ஆண்டுக்கு 52 ஜி.பி.யைத் தாண்டும். ஒப்பிட்டுப் பார்க்க மேலே கொடைக்கானலிலேயே ஆள் இருக்கிறது. அங்குள்ள சூரிய ஆய்வகம் 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலிருந்து சூரியனைப் படமெடுத்து வருகிறது. சூரியப் புள்ளிகளில் வாயு வெளிநோக்கிப் பாய்வதை வானியலாளர் எவர்ஷெட் 1909இல் கண்டுபிடித்தது அங்கேதான். நாளுக்கு ஒரு படம் என்று கணக்கிட்டால் 120 ஆண்டுக்கு 43,830. அடுக்கத்துக் கேமரா இதை 31 நாளில் எட்டிவிடும், அத்தனையும் ஒரே காப்பிச் செடி.

அந்த ஆய்வகத்தின் தாய்வீடு சென்னை நுங்கம்பாக்கம், 1899இல்தான் மலையேறியது. இந்தியப் பொது நேரம் 1906இல் வரும்வரை ரயில்கள் ஓடியது அந்தத் தாய்வீடு கணித்த சென்னை நேரத்தில். நேரத்தில் இவ்வளவு பரம்பரைப் பெருமையுள்ள மலையில், மின்வெட்டுக்குப் பின் கண்விழிக்கும் சில மலிவு கேமராக்கள், இணையத்தில் மணி கேட்டுத் தெரிந்துகொள்ளும்வரை, அன்றைக்கு 1970 ஜனவரி 1, காலை 5.30 என்றே நம்பும். யூனிக்ஸ் கணக்கில் காலம் தொடங்கும் நாள் அது, 5.30 என்பது கிரீன்விச்சுக்கும் நமக்கும் உள்ள இடைவெளி. படங்களை நாள்வாரியாக அடுக்கச் சொல்லியிருந்தால், 1970 என்று ஒரு ஃபோல்டர் மறுபேச்சில்லாமல் உருவாகிவிடும். முந்தின இரவு மின்சாரம் போய் வந்த நேரத்தில் தோட்டத்துக்குள் புகுந்த காட்டெருமையை அங்கேதான் தேட வேண்டும். அபய் பூஷண் வரைவு எழுதுவதற்கு ஓராண்டு முன்பே அது எஃப்.டி.பி.யில் வந்து சேர்ந்திருக்கும்.