தொண்ணூற்றொன்பது: டைரக்டரி சர்வர் கண்ணயரும் வேளையில் மெயில் சர்வரின் ஒழுக்கம் குறித்து ஓர் ஆராய்ச்சி

டைரக்டரி சர்வரை ரீஸ்டார்ட் செய்ய ஒரு டீ ஆற்றும் நேரம் போதும். அந்த இடைவெளியில் வந்து சேரும் கடிதங்களின் கதி என்ன? நம் உரையாசிரியர் எவரும் இதைத் தொடவில்லை. நச்சினார்க்கினியர் காலத்தில் மின்சாரம் இல்லை என்ற சமாதானத்தை யாம் ஏற்பதற்கில்லை.

முதலில் பாத்திரங்கள். மெயில் சர்வர், வாசலில் நிற்கும் காவலாளி. டைரக்டரி சர்வர், குடியிருப்போர் பதிவேட்டை மடியில் வைத்திருக்கும் கணக்குப்பிள்ளை. 389-ஆம் போர்ட்டில் உட்கார்ந்திருப்பார். ரகசியம் பேச வருவோரை 636-இல் சந்திப்பார். அவர் பேசும் எல்டாப் என்ற மொழி, எக்ஸ்.500 என்னும் பருமனான முறையை இளைக்கவைத்து 1990-களின் தொடக்கத்தில் மிச்சிகன் பல்கலைக்கழகத்தில் வளர்ந்தது. பெயரிலேயே 'லைட்வெயிட்' உண்டு. அதற்கு கன்ஃபிகரேஷன் எழுதிப் பார்த்தவர்களிடம் இந்தச் சொல்லைச் சொல்லாதிருப்பது நலம்.

கடிதம் வருகிறது. இன்னார் இங்கே இருக்கிறாரா? காவலாளி உள்ளே எட்டிப் பார்க்கிறார். கணக்குப்பிள்ளையின் நாற்காலி காலி. பதிவேட்டில் பெயர் இல்லாதது ஒன்று, பதிவேடே கைக்கு எட்டாதது வேறு. முன்னது இன்மை, பின்னது அறியாமை. இரண்டையும் குழப்புவது அளவையியலில் பிழை. மெயில் அட்மினுக்கோ வேலைக்கே உலை.

மெயில் சர்வர்கள் தங்களுக்குள் பேசும் எஸ்எம்டிபி மொழியின் விதிகளை வகுத்தவர்கள் 1982-லேயே இதற்கு வழி வைத்துவிட்டார்கள். நான்கில் தொடங்கும் எண் என்றால் "அப்புறம் வாங்க". ஐந்தில் தொடங்கினால் "இனி வராதீங்க". எல்டாப் வாய் திறக்காதபோது, போஸ்ட்ஃபிக்ஸ் என்னும் மெயில் சர்வர் 451 என்கிறது. ஆள் இல்லை என்று உறுதியானால்தான் 550. இரண்டுக்கும் இடையே 99. "அப்புறம் வாங்க" என்பது தாலுகா ஆபீசில் வயிற்றெரிச்சல். இங்கு அதுவே பண்பாடு.

வந்தவரும் கோபித்துக்கொள்வதில்லை. 2008-ஆம் ஆண்டின் ஆர்எஃப்சி 5321, பொதுவாக 30 நிமிடமாவது கழித்து மறுபடி போ, நான்கைந்து நாளாவது விடாதே என்கிறது. அனுப்புபவர் பக்கம் போஸ்ட்ஃபிக்ஸ் இருந்தால், அவர் அவசரக்காரர்: 300 நொடியில் தொடங்கி, இடைவெளியை 4000 நொடிவரை நீட்டிக்கொண்டே போய், 5 நாள் ஆனபிறகுதான் கைவிடுவார். கடன் கொடுத்தவரைத் தவிர இத்தனை விடாப்பிடியான ஜீவன் வேறில்லை. "டைரக்டரிதான் வந்துருச்சே, மெயில் எங்கே?" என்று அட்மினின் மேஜையைத் தட்டுவோர் ஒன்றை அறியவேண்டும். 451 கேட்டுத் திரும்பிய கடிதம் நம் வரிசையில் இல்லை. அனுப்பியவர் வீட்டில் இருக்கிறது. இங்கிருந்து அதை விரட்ட முடியாது.

இனி, யாம் நேரில் கண்ட சான்று. ஓர் அலுவலகத்தில் முன்னவர் யாரோ எழுதிவைத்த ஸ்கிரிப்ட், டைரக்டரி பேசாவிட்டால் வெறும் தாளை நீட்டும். காவலாளி அதைப் படித்துவிட்டு, வந்தவருக்கெல்லாம் 550 சொன்னார். அன்று காலை 'அப்படி ஒருவர் இல்லை' என்று உலகுக்கு அறிவிக்கப்பட்டவர்களில் மேலாளரும் ஒருவர். ஊழியர்கள் நெடுநாளாகச் சந்தேகித்துவந்ததுதான்.

செத்த சர்வரைவிட அரைத்தூக்கச் சர்வர் கொடியது. செத்தது, கதவைத் தட்டியதுமே இல்லை என்றாகிவிடும். அரைத்தூக்கமோ கதவைத் திறந்துவிட்டு முழிக்கும். போஸ்ட்ஃபிக்ஸ் ஒவ்வொரு கேள்விக்கும் 10 நொடி நிற்கும், பின்னால் வரிசை தெருமுனையைத் தாண்டும்.

பரிகாரம் எளிது: கணக்குப்பிள்ளைகள் இருவர், ஒருவர் எழுந்தபின் மற்றவருக்கு ஓய்வு. பதிவேட்டை நகலெடுத்துக் காவலாளியிடமே கொடுப்பாரும் உண்டு. நகல் பழசானால், வேலையை விட்டுப் போனவருக்கும் கடிதம் வந்துகொண்டேயிருக்கும்.

ஆகவே வாசகரே, ரீஸ்டார்ட் செய்யுமுன் உங்கள் சர்வர் நான்கு சொல்கிறதா ஐந்து சொல்கிறதா என்று ஒருமுறை பார்த்துவிடுங்கள். வெள்ளிக்கிழமை மாலை மட்டும் வேண்டாம்.