பெரிய எழுத்தில் எழுதுங்கள், டாக்டர்

பெங்களூருவின் மஞ்சள் வழித்தட மெட்ரோ 2025 ஆகஸ்டில் ஓடத் தொடங்கியது. அதில் ஒரு ஸ்டேஷன் பயோகான் ஹெப்பகோடி. இன்சுலின் தயாரிக்கும் கம்பெனியின் பெயர், ஓசூர் சாலையில் நின்றே படிக்கலாம். இன்சுலின் சீட்டைத்தான் கண்ணருகே வைத்தும் படிக்க முடிவதில்லை. ஒரு கோடு, கோட்டுக்கு ஒரு வால், கீழே 1-0-1. யூனிட் என்பதற்கு ஆங்கில 'யு' மட்டும் போட்டு, அதன் வாய் மூடிக்கொண்டால் பூஜ்யம். 10 யூனிட் 100 ஆகிவிடும். உலகெங்கும் எச்சரிக்கப்பட்ட பிழை இது.

மருந்தின் ஜெனரிக் பெயரைப் புரியும்படி, கூடுமானவரை பெரிய எழுத்தில் எழுதச் சொல்லி இந்திய மருத்துவக் கவுன்சில் விதியைத் திருத்தியது 2016-இல். அந்தச் சுற்றறிக்கையும் கையால் எழுதி அனுப்பப்பட்டதோ என்னவோ!

நம்மைக் காப்பாற்றுவது மெடிக்கல் ஷாப் தம்பிதான். சீட்டைத் தலைகீழாகப் பிடித்தாலும் வாசிப்பான். "காலைல ஒண்ணு, ராத்திரி ஒண்ணு, சாப்பிட்டப்புறம்ணா" என்று தமிழில் எனக்கு, கன்னடத்தில் பக்கத்து ஆளுக்கு, இந்தியில் பொம்மசந்திரா தொழிற்பேட்டையில் ஷிப்டு முடித்து வந்தவருக்கு. டாக்டர் செய்ய வேண்டிய அரை வேலை அது. சம்பளம் மட்டும் தம்பிக்குரியது.

அடுத்த முறை டாக்டர் எதிரிலிருந்து எழுந்திருக்கும் முன், எழுதியதை அவரையே உரக்கப் படிக்கச் சொல்லுங்கள். அவருக்கும் தெரியவில்லையென்றால், பீஸில் பாதியைத் திருப்பிக் கேளுங்கள்.