மரத்துக்கு முகம் எது?

நர்சரியில் நானூறு ரூபாய்க்கு வாங்கிய ஆலங்கன்றை, பெண் பார்க்க வருபவர்கள் முன் நிறுத்துவதுபோல் இலை இலையாகத் துடைத்து, மடியில் வைத்து ஆட்டோவில் கொண்டு போனேன். மாதம் ஒரு ஞாயிறு, யாராவது ஓர் உறுப்பினர் வீட்டு மொட்டை மாடியில் எங்கள் போன்சாய் சங்கம் கூடும்.

"முகம் எது?" என்றார் மூத்த உறுப்பினர்.

மரத்துக்கு ஏது முகம்? உண்டாம். அந்தப் பக்கம் அடிவேர் விரிந்து தெரிய வேண்டும். உச்சி பார்ப்பவரை நோக்கிச் சற்றே குனிய வேண்டும். எந்தக் கிளையும் நம் கண்ணைக் குத்த வரக் கூடாது. ஒன்பது பேர் தொட்டியைச் சுற்றிச் சுற்றி வந்தார்கள். டீ ஆறியது. நான் இத்தனை நாள் முதுகென்று நினைத்திருந்த பக்கம்தான் முகம் என்று தீர்ப்பானது.

அடுத்து கத்தரி. ஒரே மட்டத்தில் எதிரெதிரே கிளம்பிய கிளைகளில் ஒன்று போனது. உள்நோக்கி வளர்ந்தது போனது. ஒன்றையொன்று உரசியதால் இன்னொன்றும் போனது. வெட்டுவாயில் எல்லாம் பால் வடிந்தது. நியாயப்படி என் கண்ணில்தான் வடிந்திருக்க வேண்டும்.

மிஞ்சிய மூன்று கிளைகளுக்கும் அலுமினியக் கம்பி. கிளையின் தடிமனில் மூன்றில் ஒரு பங்கு இருக்கும் கம்பியை 45 டிகிரி சாய்வில் சுற்றி, மெல்ல வளைக்க வேண்டும். ஆல் சீக்கிரம் பருக்கும். பட்டையில் பதியுமுன் கம்பியைத் துண்டு துண்டாக நறுக்கி எடுத்துவிட வேண்டும்.

வீட்டில் அம்மா பார்த்தாள். "என்னடா, புத்தூர் கட்டு போட்டுக் கூட்டிட்டு வந்திருக்கே?"

ஜப்பானில் 1625 முதல் தொட்டியில் வளர்ந்த பைன் மரம் ஒன்று ஹிரோஷிமா குண்டுக்கே தப்பி, இப்போது வாஷிங்டனில் இருப்பதைச் சொன்னேன்.

"அது குண்டுக்குத் தப்பிச்சிடுச்சு. இது உங்க சங்கத்துக்குத் தப்பணுமே!"

ஆறு மாதம் கழித்து மூத்தவர் வீட்டுக்கு வந்தார். என் மரத்தை ஏறெடுத்தும் பார்க்கவில்லை. பக்கத்து வீட்டு சன்ஷேடு விரிசலில், காக்கை எச்சத்தில் முளைத்திருந்த அரசைப் பார்த்துச் சொக்கி நின்றார். பருத்த அடி, பரந்த வேர், முழங்கால் உயரம். "முகத்தைப் பாருங்க! பத்து வருஷ வேலை சும்மா முடிஞ்சு நிக்குது."

ஆகவே வாசகர்களே, உங்கள் வீட்டுச் சுவரில் ஆலோ அரசோ முளைத்திருந்தால் ஆசிட் ஊற்றிவிடாதீர்கள். சொல்லியனுப்புங்கள். ஒன்பது பேர் ஏணியோடு வருகிறோம். கூலி வேண்டாம், முகம் பார்த்து முடிக்கும்வரை டீ மட்டும் போட்டுக்கொண்டே இருங்கள்.