ஆனைச் சத்தத்துக்கு ஸ்பீக்கர் வாங்கீட்டயா கண்ணு?

வா கண்ணு, திண்ணையிலயே உக்காரு. கோயமுத்தூர்ல கம்ப்யூட்டர் வேலையை உட்டுப்போட்டு வாளையார் ரோட்டுமேல ஓட்டல் வெக்கப் போறயாமா. உங்கம்மா வந்து சொன்னா, சொல்லிப்போட்டு மூக்கையும் சிந்துனா. அவ கெடக்கறா. அப்புச்சிக்கு நெம்ப சந்தோசம். படமெல்லாம் வரைஞ்சு கொண்டாந்திருக்கறயே, விரி பாக்கலாம்.

அடேங்கப்பா! வாசல்ல மாட்டுவண்டிச் சக்கரம் தொங்குது. அதைச் சுத்தி அரிக்கேன் லைட்டு, உள்ள கரண்டு பல்பு. செவுத்துல மொறம், சல்லடை, தூக்குப்போசி. நடு ஹால்ல அம்மியும் ஆட்டாங்கல்லும். அரைக்கறதுக்கான்னு கேட்டா, போட்டோ புடிக்கறதுக்குங்கறே. வெவரமான பையன். உங்கம்மிச்சி காலம்பூரா அரைச்சா, ஒருத்தனும் போட்டோ புடிக்க வரலை. அரைக்காம உட்டாத்தான் அம்மிக்கு மருவாதின்னு அவளுக்குத் தெரியாமப் போச்சு.

கூரை தென்னங்கீத்தா? போடு, போடு. ஒண்ணே ஒண்ணு மறந்துடாதே, பாலக்காட்டுக் கணவாய் நம்மூட்டு வாசல்லதான் வாயைத் தொறந்து நிக்குது. மலை நெடுகிலும் வந்து இங்க மட்டும் 30 கிலோமீட்டருக்கு மேல அத்துப் போயிருக்குது. கேரளத்துக் காத்து முச்சூடும் அந்தச் சந்துக்குள்ள பூந்துதான் வரணும். கஞ்சிக்கோட்டுல அதுல காத்தாடி நட்டுக் கரண்டு எடுக்கறானுக. ஆடிக் காத்துல அம்மியும் நகரும்பாங்க. உன்ற ஹால் அம்மி நகந்து வந்து கல்லாப்பெட்டிகிட்ட நின்னா, அதையும் தீம்னு சொல்லிச் சமாளிச்சுக்க.

அந்த மூலையில என்னமோ பச்சையா இருக்குதே? ஓ, காடு. பிளாஸ்டிக் மரம், மோட்டார் வெச்ச அருவி, நடுநடுவே ஆனை பிளிற ஸ்பீக்கரு. சென்னை அடையாறுல ரெயின் ஃபாரஸ்ட்னு குகையும் செடிகொடியும் மிருகச் சத்தமுமா ஒரு ஓட்டல் இருக்குதுன்னு நீதான சொன்னே. அங்க வெச்சது ஞாயந்தான், அடையாறுல ஆனைக்குப் பஞ்சம். இங்க என்ன பஞ்சம் கண்ணு? பலா பழுத்துதுன்னா நமக்கு முன்னால அதுக்கல்ல வாசம் தெரியுது. 2023 சனவரியில பாலக்காட்டுத் தோணிப் பக்கம் பி.டி. 7-ன்னு நெம்பர் குடுத்து வெச்சிருந்த ஒத்தை ஆனையைப் புடிக்க, வனத்துறைக்காரங்க கும்கியும் மயக்க ஊசியுமா என்ன பாடு பட்டாங்க. அக்கட்டால மதுக்கரையில ரயில் பாதையோரம் கேமரா நட்டு, ஆனை தண்டவாளத்துக்கு வருதான்னு ராப்பகலாப் பாக்கறாங்க. இத்தனை பேர் அதைத் தள்ளி வெக்கறதுக்குச் சம்பளம் வாங்கறாங்க. நீ கைக்காசு போட்டு ஸ்பீக்கர்ல கூப்புடறே. நம்ம சொந்தக்காரன் ஆரோ கூப்புடறான்னு நெசமாலுமே ஒண்ணு வந்து நின்னா, அதுக்கு எத்தனாம் நெம்பர் டேபிள்? ஜி.எஸ்.டி. போட்டு பில்லு குடுப்பயா?

ஜெயில் மாதிரியும் ஒரு அறை வெக்கலாம்னு இருக்கறயா. அதுவும் இருக்குது. கைதி கிச்சன்னு சென்னையில கம்பிக்கு உள்ள உக்கார வெச்சுச் சோறு போட்டாங்க. கவர்மென்ட்டு அதையே சும்மா போடுது. நம்ம கோயமுத்தூர் அவினாசி ரோட்டுல 2018-ல ரோபோ பரிமாறற கடையும் வந்துது. ரோபோகிட்ட, 'தம்பி, இன்னொருக்கா சாம்பார் ஊத்து, கொஞ்சம் கெட்டியா'ன்னு சொல்ல முடியுமா? முடியாது. முதலாளிக்கு அதுதான சௌகரியம்!

எல்லாத்தையும் பழிக்கறான் கெழவன்னு நெனைச்சுக்காதே. லாரியில போன காலத்துல கண்ணுல நின்ன கடைக எனக்கும் இருக்குது. அகமதாபாத்துல லக்கின்னு ஒரு டீக்கடை. அந்த எடம் ஒரு காலத்துல முஸ்லிம் கபர்ஸ்தான். கடை பெருசானப்ப சமாதிகளை எடுக்கலை, சுத்திக் கம்பி கட்டி, பச்சைப் பெயின்ட் அடிச்சு, எடையில எடையில மேசையைப் போட்டுட்டாங்க. காலையில சமாதிமேல பூ வெச்சுப்போட்டுத்தான் யாவாரம். எம்.எஃப். உசேன் வரைஞ்சு குடுத்த படம் செவுத்துல தொங்குது. அதை நடத்துனதுல மலையாளத்து நாயர் ஒருத்தருக்கும் பங்கு. எந்த ஊர் டீக்கடையில நாயர் இல்லாம இருந்திருக்கறாரு? வெண்ணை தடவுன பன்னைத் தின்னுட்டு, முழங்கைக்குப் பக்கத்துல படுத்திருக்கறவரைப் பாத்து, 'நீங்க சௌக்கியமாங்க'ன்னு கேக்காம வர முடியாது. கபர்ஸ்தான் தீம்னு ஆரும் அங்க போர்டு எழுதலை. எடம் அப்படி இருந்துது, நவுத்த மனசு வரலை, அவ்வளவுதான்.

அப்பறம் திருவனந்தபுரம். தம்பானூர் பஸ் ஸ்டாண்டுகிட்ட காபி ஹவுஸ். செங்கல்லுல வட்டமாச் சுத்திச் சுத்தி மேல ஏறும், மாடிப்படியே கெடையாது. தரையே ஏறுது, அந்த ஏத்தத்துலயே செவுத்தோரம் பெஞ்சும் மேசையும் சேத்துக் கட்டியிருக்குது. செவுரு பூரா ஓட்டை, வெளிச்சமும் காத்தும் அதுல வரும். பேக்கர்னு இங்கிலாந்துக்காரர் கட்டுனது. எடம் சிறுசு, காசும் கம்மி, அதுக்குத் தக்கன கட்டுனார். இன்னைக்கு வெளிநாட்டுக்காரன் படம் புடிக்க வர்றான். விசிறித் தலைப்பா கட்டிக்கிட்டுக் காபி கொண்டாராங்களே, அவங்க நீ வாடகைக்குக் கொண்டாரப் போற வேசக்காரங்க இல்லை கண்ணு. காபி போர்டு கடைகளை மூடி வேலையை உட்டு நிறுத்துனப்ப, கம்யூனிஸ்ட் தலைவர் ஏ.கே. கோபாலன் பின்னால நின்னு, தொழிலாளிகளே சங்கம் வெச்சு எடுத்து நடத்துனது. கேரளத்துல 1958-ல திருச்சூர்லதான் ஆரம்பம். பரிமாறறவனே முதலாளி, அதுதான் அந்தத் தலைப்பாவுல அத்தனை வெறைப்பு! உன்ற ஆளுக தலைப்பா மதியத்துக்குள்ள கழண்டு கொழம்புல உழுகும் பாரு.

அத்தனை தூரம் எதுக்கு? பாலக்காட்டுக்குப் போற வழியில எலப்புள்ளிப் பக்கம் ராமச்சேரிக்கு ஒரு காலைநேரம் போய்ட்டு வா. தமிழ்நாட்டுப் பக்கமிருந்து எந்தக் காலத்துலயோ வந்த முதலியார் குடும்பங்க இட்லி சுடறாங்க. அலங்காரம்னு பாத்தா பொகை புடிச்ச செவுருதான். மம்பானை வாயில நூலு வலை கட்டி, அதுமேல துணி போட்டு, மாவை ஊத்தி, ஒண்ணுமேல ஒண்ணா அடுக்கி, மேல இன்னொரு பானையைக் கவுத்தறாங்க. வெறகு அடுப்பு. இட்லி தட்டையா, குட்டித் தோசையாட்ட வரும், துணியில இருந்து உரிக்கறப்ப ஓரத்துல ஆவி எழும்பும். பொடியில தேங்காண்ணை ஊத்திக் கொழைச்சுத் தொட்டுக்கணும். அங்க சுத்தியும் பாத்துட்டு, இது நல்லாருக்குதேன்னு அந்தப் பானையை வெலைக்குக் கேக்காதே. உன்ற கண்ணு எனக்குத் தெரியும்.

ராத்திரி கூட்டம் எப்படிச் சேரும்னு பாக்கோணும்னா கள்ளு ஷாப்புக்குப் போ. உங்கம்மாகிட்டச் சொல்லாதே. தமிழ்நாட்டுல 1987-ல கள்ளை நிறுத்துனாங்க. அன்னையிலிருந்து கோயமுத்தூர்க்காரனுக்கு வாளையார் தாண்டுனாத்தான் சொர்க்கவாசல். சித்தூர் பக்கத்துத் தென்னைதான் கேரளத்துல பாதி ஷாப்புக்கும் கள்ளு ஊத்துது. கருப்புப் போர்டுல வெள்ளை எழுத்து, பக்கத்துல லைசென்ஸ் நெம்பர். உள்ள ஆடற பெஞ்சு, தட்டி வெச்ச மறைப்பு, கப்பையும் மீன்கறியும். இப்ப ஏசி ஓட்டல்காரங்க அந்த ஆடற பெஞ்சையே ஆசாரிகிட்டச் சொல்லிச் செய்யறாங்களாமா, ஆடறதுக்குத் தனிக் கூலி இருக்கும்.

2017 சூலையில ஜி.எஸ்.டி. வர்ற வரைக்கும் வாளையார் செக்போஸ்ட்ல லாரி கிலோமீட்டர் கணக்குல நிக்கும். ஸ்டவ்வைப் பத்த வெச்சு லாரி நெழல்லயே சோறாக்குவோம். நாமக்கல்காரன் கருவாட்டுக் கொழம்பு வெச்சா, பக்கத்துல பஞ்சாப்காரன் மூக்கைப் பொத்திக்கிட்டே ரொட்டி தட்டுவான். கொழம்பு கொதிச்சதும் கையை எடுத்துப்போட்டுக் கிண்ணத்தை நீட்டுவான். அதுக்குத் தீம் பேரு நீயே ஒண்ணு வெச்சுக்க.

சரி, படத்தை இன்னொருக்கா விரி. செல்ஃபி மூலை ரண்டு, ஊஞ்சல் மூணு, தண்ணியில்லாத கெணறு ஒண்ணு. சமையக்கட்டு எங்க கண்ணு? இதா? நான் செருப்பு உடற எடம்னு நெனைச்சேன். சமைக்கறது ஆரு? பாத்துக்கலாமா? ம், பாத்துக்கலாம், பாத்துக்கலாம். லாரி நிறுத்த எடம்? அதுலதான் கெணறா? கக்கூசு எங்க? முப்பது மணி நேரம் ஓட்டீட்டு வர்றவன் எறங்குனதும் மொதல்ல கேக்கறது அதைத்தான், சக்கரத்தை அண்ணாந்து பாக்க மாட்டான். அதை வரையவே இல்லையே நீ. இந்தா, அப்புச்சி சட்டை ஜோப்புல பேனா இருக்குது, எடு. அருவி இருக்கற மூலையில போடு, தண்ணி பைப்பாவது மிச்சமாகும்.