செத்த மீட்டர் குறித்து ஒரு விண்ணப்பம்

பெறுநர்: கல்வித் துறை, அமெரிக்க ஒன்றிய அரசு, வாஷிங்டன்.

பொருள்: மின்-இயந்திரப் பராமரிப்புச் சான்றிதழின் வரவையும் கடனையும் நிறுத்துக் காட்டும் தராசு.

ஒரு படிப்பை முடித்தவர் என்ன சம்பாதிக்கிறார், எவ்வளவு கடனோடு கல்லூரி வாசலைத் தாண்டுகிறார் என்னும் இரண்டு எண்களை அருகருகே வைத்துக் காட்டும் ‘காலேஜ் ஸ்கோர்கார்டு’ என்ற தராசை 2015 செப்டம்பரில் புதுவடிவில் வெளியிட்டு, 2019இல் அதைப் படிப்பு வாரியாகவும் விரித்து, பதினெட்டு வயதில் எவருக்கும் வரும் குழப்பத்தை இரண்டே எண்களில் தீர்த்துவைத்த துறையாரின் பெருங்கருணை போற்றுதலுக்குரியது. சோதிடர்கள்கூட இவ்வளவு சுருக்கமாகப் பலன் சொல்வதில்லை.

அத்தராசில் ஏறும் படிப்புகளுள் ஒன்று மின்-இயந்திரப் பராமரிப்புச் சான்றிதழ். மோட்டார், கியர்பாக்ஸ், சென்சார், இவற்றையெல்லாம் ஆட்டிவைக்கும் பி.எல்.சி. என்ற சிறு கணினி ஆகியன ஒரே உடம்பாக இயங்கும் எந்திரங்களை நிற்காமல் ஓடவைப்பதே இத்தொழில். கன்வேயர் நின்றுபோன நள்ளிரவில் டெக்னீஷியன் முதலில் செய்வது பழுது பார்ப்பதன்று. 480 வோல்ட் மும்முனை மின்சாரத்தின் மெயின் சுவிட்சை இறக்கி, அதில் தன் பெயர் எழுதிய பூட்டை மாட்டி, சாவியைத் தன் சட்டைப்பையில் போட்டுக்கொள்வதாகும். அடுத்து, மின்சாரம் உண்மையில் அற்றுவிட்டதா என்று மல்டிமீட்டரை வைத்துப் பார்ப்பார். அதற்கு முன்னும் பின்னும், மின்சாரம் இருப்பது உறுதியாகத் தெரிந்த வேறோர் இடத்தில் அதே மீட்டரை வைத்து, மீட்டருக்கு உயிர் இருக்கிறதா என்றும் பார்ப்பார். செத்த மீட்டர் எல்லாவற்றையும் செத்ததாகவே காட்டும் அல்லவா? துறையாரின் மீட்டரையும் அம்மரபுப்படி ஒருமுறை தொட்டுப் பார்ப்பது மரியாதைக் குறைவாகாது என்று இம்மடல் நம்புகிறது.

தராசு காட்டும் வருமானம் ‘இடைநிலை அளவு’, அதாவது எல்லோரையும் சம்பள வரிசையில் நிறுத்தினால் நட்டநடுவில் நிற்பவரின் சம்பளம். ஆனால் அவ்வரிசையில் இடம்பெற ஒன்றிய அரசின் கல்வி உதவியோ கடனோ பெற்றிருக்க வேண்டும், வேலையிலும் இருக்க வேண்டும். வேலை கிடைக்காதவர் வரிசையிலேயே இல்லையாதலால், அவரால் அந்த எண்ணுக்கு ஒரு களங்கமும் நேர்வதில்லை. மேலும், இச்சான்றிதழ் அடங்கும் 15.04 என்ற பாடக் குறியீட்டின் கீழ் மருத்துவமனைக் கருவிகளைச் சீராக்கப் படிப்போரும், ரோபோக்களைப் பழுது பார்க்கப் படிப்போரும், ஆலையின் அளவீட்டுக் கருவிகளைப் பேணப் படிப்போரும் ஒரே பந்தியில் அமர்த்தப்பட்டிருக்க, ஏறத்தாழ இதே வேலைக்கு ஆள் தயாரிக்கும் தொழிற்சாலை எந்திரப் பராமரிப்புப் படிப்போ 47.03 என்ற வேறு பந்தியில் அமர்ந்திருக்கிறது. இவை எல்லாவற்றினும் நயமானது, ஆண்டு வருமானம் எத்தனை மணி நேரத்தில் ஈட்டப்பட்டது என்று தராசு கேட்பதேயில்லை என்பதுதான். வாரம் 40 மணி நேரம் உழைத்தவரும், இரவு ஷிப்டும் ஓவர்டைமுமாக 60 மணி நேரம் உழைத்தவரும் அதன் கண்ணில் சமமே. தூக்கத்துக்குக் கழிவு கிடையாது.

கடன் தட்டின் நேர்த்தியும் குறைந்ததன்று. அதில் ஏறுவது, ஒன்றிய அரசிடம் கடன் வாங்கிப் படித்து முடித்தவரின் கடன் மட்டுமே. தனியார் வங்கிக் கடனும் பெற்றோர் தம் பெயரில் வாங்கிய கடனும் அவ்வெண்ணில் சேர்வதில்லை. பாதியில் நின்று, சான்றிதழ் இன்றிக் கடனோடு மட்டும் வீடு திரும்பியவர் இக்கணக்கில் பிறக்கவேயில்லை.

இரண்டு தட்டுகளையும் ஒப்பிட்டுத் தீர்ப்பு வழங்க, படிப்பு வயிற்றுப்பாட்டுக்கு உதவுகிறதா என்று பார்க்கும் ‘பயன்தரு வேலை’ விதி ஒன்றும் உண்டு. அதன் 2023ஆம் ஆண்டு வடிவின்படி, சான்றிதழ்க் கடனைப் பத்தாண்டுத் தவணையாக்கி, ஓராண்டுத் தவணை ஆண்டு வருமானத்தில் 8 விழுக்காட்டுக்குள்ளோ, வறுமைக்கோட்டின் ஒன்றரை மடங்கைக் கழித்தபின் எஞ்சும் வருமானத்தில் 20 விழுக்காட்டுக்குள்ளோ அடங்கினால் படிப்பு கடன் சோதனையில் தேறிவிடும். 12,000 டாலர் கடன், 5 விழுக்காடு வட்டி என்று வைத்துக்கொண்டால் ஆண்டுத் தவணை ஏறத்தாழ 1,527 டாலர். ஆகவே 19,100 டாலர் சம்பளமே போதும். 2009 முதல் மணிக்கு 7.25 டாலரில் அசையாது நிற்கும் ஒன்றியக் குறைந்தபட்சக் கூலிக்கு ஆண்டு முழுவதும் உழைத்தாலே 15,080 டாலர் கிடைக்கும் என்பதை நோக்க, இது எட்டாக்கனி அன்று. பள்ளிப் படிப்போடு நின்றவரைவிடக் கூடுதலாகச் சம்பாதிக்க வேண்டும் என்ற இரண்டாம் சோதனை 2023இல்தான் விதியில் ஏறியது. அவ்விதியோ 2011இல் பிறந்து, 2012இல் நீதிமன்றத்தில் விழுந்து, 2014இல் எழுந்து, 2019இல் நீக்கப்பட்டு, 2023இல் மறுபடியும் வந்தது. இப்படி ஒட்டியும் விலகியும் படபடக்கும் கான்டாக்டர் சுவிட்சை எந்த டெக்னீஷியனும் எப்போதோ கழற்றிப் போட்டிருப்பார்.

இத்தனையும் கடந்து, சிறிய ஊர்க் கல்லூரி ஒன்றில் இச்சான்றிதழின் வருமானத்தைத் தேடுபவருக்கு எண்ணே கிடைக்காமலும் போகலாம். படித்து முடித்தவர் மிகச் சிலராயின், தனி ஒருவரின் சம்பளம் அம்பலமாகிவிடக் கூடாதென்று ‘தனியுரிமை கருதி மறைக்கப்பட்டது’ என்ற குறிப்போடு கட்டம் மூடப்படும். காரணம் நியாயமானதே; ஆனால் பட்டறையில் இருப்பது நான்கே பெஞ்சுகள் என்றால் அது மாணவரின் குற்றமன்றோ!

ஆகவே, வருமானத்தின் அருகில் உழைத்த மணி நேரத்தையும், கடனின் அருகில் தனியார் கடனையும் குறிக்குமாறு துறையார் வேண்டப்படுகின்றனர். துறையையே மூடுவதற்கு வழிசெய்யுமாறு 2025 மார்ச்சில் ஆணை பிறந்திருப்பதால், மெயின் சுவிட்ச் இறங்குவதற்கு முன்பாகப் பதில் கிடைத்தால் நலம்.

இணைப்பு: பெயர் எழுதிய சிவப்புப் பூட்டு – 1. சாவி, தனியுரிமை கருதி மறைக்கப்பட்டுள்ளது.