மனுவில் அந்த ஒரு பத்தி

1980களின் நடுவில் பாளையங்கோட்டையில் நான் ஜூனியராகச் சேர்ந்த காலத்தில், விவாகரத்து கேட்டு வரும் கிறிஸ்தவப் பெண்களிடம் எங்கள் சீனியர் முதலில் கேட்பது "அடிச்சாராம்மா?" என்றுதான். இரக்கமில்லாமல் கேட்டதில்லை. 1869-ஆம் வருடத்துச் சட்டம் அப்படிக் கேட்க வைத்தது. மனைவிக்கு வேறொருவரோடு உறவு என்றால், அந்த ஒரு காரணத்தைச் சொல்லியே கணவன் விவாகரத்து வாங்கிவிடலாம். கணவனுக்கு உறவு என்றால் மனைவிக்கு அது மட்டும் போதாது. கூடவே கொடுமைப்படுத்தினான், அல்லது இரண்டு வருடம் கைவிட்டுப் போனான் என்று இன்னொரு குற்றத்தையும் சேர்த்து நிரூபிக்க வேண்டும்.

ஒரு டீச்சர் வந்தார். கணவருக்கு வேறு ஊரில் இன்னொரு குடும்பம். ஊருக்கே தெரியும். சீனியரின் கேள்விக்கு, "இல்ல சார், கையெல்லாம் நீட்ட மாட்டாங்க" என்றார்.

"வீட்டுக்கு வராம இருக்காரா?"

"சனிக்கிழமையானா வந்துருவாங்க சார். செலவுக்கும் குடுத்துட்டுத்தான் போவாங்க."

சீனியர் பேனாவை மூடி வைத்துவிட்டார். அந்த மனிதர் குடித்துவிட்டு அடித்திருந்தால் டீச்சருக்கு வழி பிறந்திருக்கும். முறையாக வந்து, முறையாகப் பணம் கொடுத்து, முறையாக ஏமாற்றியதால் வழியில்லை. பிரிந்து வாழ நீதிமன்ற உத்தரவு வாங்கலாம், ஆனால் கல்யாண பந்தம் அப்படியேதான் இருக்கும் என்று நான் விளக்கிக்கொண்டிருந்தேன். மடியில் இருந்த கைப்பையின் கொக்கியை அவர் திறந்து திறந்து மூடிக்கொண்டிருந்தார். மனைவியோடு பழகிய ஆணிடம் கணவன் நஷ்டஈடு கேட்கலாம் என்றுகூட அதே சட்டத்தில் ஒரு பிரிவு இருந்தது. கணவனோடு பழகிய பெண்ணிடம் மனைவி கேட்க எந்தப் பிரிவும் இல்லை. 2001-இல்தான் நாடாளுமன்றம் இந்த ஓரவஞ்சனையை நீக்கியது. 132 வருடம் ஆனது அதற்கு!

இந்துத் திருமணச் சட்டம் இந்த விஷயத்தில் ஆண் பெண் என்று பிரிக்கவில்லை. 1955-இல் வந்தபோது, வேறொருவரோடு தொடர்ந்து தகாத உறவில் வாழ்ந்தால்தான் விவாகரத்து என்றது. 1976-இல் திருத்தி, கல்யாணத்துக்குப் பிறகு ஒருமுறை நடந்திருந்தாலும் போதும் என்றார்கள். ஏட்டில் சுலபமாகிவிட்டது. கோர்ட்டில் ஆகவில்லை. யார் வந்து சாட்சி சொல்வார்கள்? எதிர்வீட்டு அம்மா எங்கள் ஆபீசில் உட்கார்ந்து எல்லாவற்றையும் சொல்வார். கூண்டில் ஏறச் சொன்னால், "எனக்கும் பொம்பளப் பிள்ளைங்க இருக்குய்யா" என்று எழுந்துவிடுவார். லாட்ஜ் ரிஜிஸ்டரில் பொய்ப் பெயர் இருக்கும். அகப்பட்ட கடிதத்தில் கையெழுத்து இருக்காது. நேரில் பார்த்த சாட்சி வேண்டியதில்லை, சூழ்நிலையைக் கொண்டே முடிவுக்கு வரலாம் என்று நீதிமன்றங்கள் சொல்லித்தான் வந்தன. அந்தச் சூழ்நிலையை நிரூபிக்கவே வருடக்கணக்கில் வாய்தா வாங்கினோம்.

சிவில் வழக்கு இப்படி நடக்க, இன்னொரு பக்கம் இந்திய தண்டனைச் சட்டத்தின் 497-ஆவது பிரிவு. அடுத்தவன் மனைவியோடு உறவு கொண்ட ஆணுக்கு ஐந்து வருடம் வரை சிறை. அந்தப் பெண்ணின் கணவன் சம்மதித்திருந்தால் குற்றமே இல்லை. தவறு செய்த கணவன் மீது மனைவி புகார் கொடுக்க முடியாது. பெண்ணைக் கணவனின் உடைமையாக நினைத்து எழுதியது என்பதைத் தவிர இதற்கு வேறு விளக்கம் எனக்கு அன்றும் தோன்றவில்லை. 1985-இல் உச்ச நீதிமன்றத்தில் தலைமை நீதிபதி ஒய்.வி. சந்திரசூட் அந்தப் பிரிவு செல்லும் என்றார். 2018 செப்டம்பர் 27 அன்று அதைச் செல்லாது என்று சொன்ன ஐந்து நீதிபதிகளில் ஒருவர் அவருடைய மகன் டி.ஒய். சந்திரசூட்.

அந்தத் தீர்ப்பு வந்த வாரம் என் ஆபீசுக்கு வந்தவர்களில் பாதிப் பேர், "இனிமே அது தப்பே இல்லையாமே மேடம்?" என்றார்கள். ஜெயிலுக்குப் போகிற குற்றம் என்பதுதான் போனது. விவாகரத்துக்கான காரணமாக அது அப்படியே இருக்கிறது. அந்தத் தீர்ப்பே அதைச் சொல்கிறது. இதைத் திரும்பத் திரும்பச் சொல்லி வருகிறேன், இன்னும் பலருக்குப் போய்ச் சேரவில்லை.

சட்டம் இளகிய அதே காலத்தில் சாட்சியம் மலிந்துவிட்டது. அன்று சாட்சி கிடைக்காமல் கஷ்டப்பட்டோம். இன்று கட்சிக்காரர் கதையைத் தொடங்கும் முன்பே மேஜையில் செல்போனை வைத்துவிடுகிறார். வாட்ஸ்அப் ஸ்கிரீன்ஷாட், கால் ரெக்கார்டிங், கூகுள் மேப் காட்டும் போய்வந்த இடங்கள். ஒரு இளைஞர், மனைவி தூங்கும்போது அவர் கைவிரலைப் பிடித்து வைத்துப் போனைத் திறந்ததை என்னிடம் சாமர்த்தியம்போலச் சொன்னார். எனக்கு வயிற்றைப் பிசைந்தது.

இப்படி எடுத்தது செல்லுமா? மனைவிக்குத் தெரியாமல் எடுத்த அழைப்பு விவரங்களை ஏற்க முடியாது, அது அந்தரங்க உரிமையை மீறுவது என்று 2024-இல் உயர் நீதிமன்ற மதுரைக் கிளை சொன்னது. நிம்மதியாக இருந்தது. 2025 ஜூலையில் உச்ச நீதிமன்றம் வேறொரு வழக்கில், கணவன் மனைவி வழக்குகளில் ரகசியமாகப் பதிவு செய்த உரையாடலையும் சாட்சியமாக ஏற்கலாம் என்றுவிட்டது. ஒருவரை ஒருவர் வேவு பார்க்கும் நிலை வந்தாலே அந்த உறவு முறிந்துவிட்டது என்பதற்கு அடையாளம் என்பது அவர்கள் தரப்பு நியாயம். தீர்ப்புக்குக் கட்டுப்படுகிறேன். வேவு பார்க்கக் கற்றுக்கொடுத்துவிட்டோமோ என்ற கவலை மட்டும் எனக்குப் போகவில்லை.

இத்தனை பாடுபட்டு நிரூபித்தாலும் கிடைப்பது என்ன? விவாகரத்து கிடைக்கும். ஜீவனாம்சம் நிற்குமா என்றால், மனைவி தொடர்ந்து அப்படி வாழ்கிறார் என்று காட்ட வேண்டும். என்றோ ஒருநாள் நடந்த தவறு போதாது. பிள்ளை யாரிடம் என்பதில் நீதிமன்றம் பார்ப்பது பிள்ளையின் நலனை. தாய்க்கோ தகப்பனுக்கோ அது தண்டனையோ பரிசோ அல்ல.

நிரூபிக்க முடியாவிட்டால் திருப்பி அடிக்கும். மனைவியின் நடத்தையைப் பற்றி ஆதாரமில்லாமல் பதில் மனுவில் எழுதியதே கொடுமை என்று 2003-இல் உச்ச நீதிமன்றம் சொன்னது. அந்தக் கணவர் பிறகு அந்த வரிகளை நீக்கித் திருத்தியும் பயனில்லாமல் போயிற்று. எழுதி வைத்தது எழுதி வைத்ததுதான் என்றாகிவிட்டது.

என்னால் சகிக்க முடியாதது பிள்ளையை இதில் இழுப்பது. "டி.என்.ஏ. டெஸ்ட்டுக்கு மனுப் போடுங்க மேடம்" என்று இன்று சாதாரணமாகக் கேட்கிறார்கள், ரத்தச் சர்க்கரை பார்க்கச் சொல்வதுபோல. மனைவியின் தவறை நிரூபிக்கப் பிள்ளையைச் சோதனைக்கு அனுப்புவதை வழக்கமாக்கக் கூடாது என்று 2023-இல் உச்ச நீதிமன்றம் தெளிவாகச் சொல்லியிருக்கிறது. அப்படி ஒரு மனு கேட்டு வந்த தகப்பனோடு அவருடைய பையனும் வந்திருந்தான், மூன்றாம் வகுப்பு படிப்பவன். வெளி பெஞ்சில் உட்கார்ந்து ஷூ லேஸைக் கட்டிக்கொண்டிருந்தான். அந்த மனுவை நான் போட மறுத்துவிட்டேன்.

பரஸ்பர சம்மதத்தோடு பிரிய 1976-லேயே வழி செய்து வைத்திருக்கிறது இந்துத் திருமணச் சட்டம். ஒரு வருடம் பிரிந்திருந்தால் சேர்ந்து மனுப் போடலாம். ஆறு மாதக் காத்திருப்பைக்கூடத் தகுந்த வழக்குகளில் தள்ளுபடி செய்யலாம் என்று 2017-இல் சொல்லிவிட்டார்கள். வருடக்கணக்கில் ஒருவரை ஒருவர் நாறடித்த பிறகு பலர் வந்து நிற்பதும் அந்த வாசலில்தான்.

உங்கள் வீட்டிலோ உறவிலோ யாராவது இந்த நிலையில் இருந்தால் ஒன்று கேட்டுக்கொள்கிறேன். வக்கீல் நீட்டும் இடத்தில் கையெழுத்துப் போடும் முன் மனுவை முழுதாக வாசிக்கச் சொல்லுங்கள். நடத்தையைப் பற்றிய பத்தி ஒன்று இருந்தால், அது உண்மையா, நிரூபிக்க முடியுமா, அது இல்லாமலே விவாகரத்து கிடைக்காதா என்று மூன்றையும் கேட்கச் சொல்லுங்கள். ஒன்றுக்குப் பதில் சரியில்லை என்றாலும் அந்தப் பத்தியை அடிக்கச் சொல்லுங்கள்.